காய்ச்சலுக்குப் பின் வரும் பசி

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கு நிச்சயமில்லை. அந்தச் சாப்பாட்டுக் கடை மண்டபம் ஸ்டேஷனுக்கு வடக்கே இருந்ததா தெற்கே இருந்ததா என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. வருஷமும் அப்படித்தான். ஐம்பத்து மூன்று என்று ஒரு சமயம் தோன்றுகிறது, ஐம்பத்தைந்து என்று ஒரு சமயம் தோன்றுகிறது. சோலையம்மாள் எனக்கு இதைச் சொன்னபோது அவளுக்கும் வயதாகிவிட்டிருந்தது. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வெற்றிலையை மென்று முடிக்கும் வரை பேசாமல் இருப்பாள். அந்த மௌனங்களில் நானாக எதையாவது போட்டு நிரப்பியிருக்கலாம். ஆனால் அவள் சொன்ன ஜாவாச் சொற்கள் மட்டும் எப்போதும் மாறியதில்லை. அவற்றை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் உச்சரித்தாள்.

சோலையம்மாள் அபிராமத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. கல்யாணமான கையோடு புருஷன் ராக்கப்பனுடன் மலாயாவுக்குக் கப்பலேறி, ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனாள். யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் இருவரையும் கூட்ஸ் வண்டியில் அடைத்து, சயாம் காட்டுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான். ராக்கப்பனுக்கு மண் சுமக்கிற வேலை. அவளுக்குக் கூலிகளின் சமையல் கொட்டகையில் வேலை.

அந்தக் கொட்டகையில் அவளோடு அடுப்புத் தள்ளியவள் வாகினெம் என்கிற ஜாவாக்காரி. ஜாவாவிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்களைப் பிடித்து வந்திருந்தார்கள். இரண்டு பெண்களுக்கும் பொதுவாக இருந்தது தோட்டத்து மலாய். வேலையைப் பற்றி, மழையைப் பற்றி, ஜப்பான்காரனைப் பற்றி அதில்தான் பேசுவார்கள். வயிற்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் வாகினெம் தன் சொந்தப் பாஷைக்குப் போய்விடுவாள். பெரிய மனுஷன் சாப்பிட்டால் அது டாஹர். தன்னைப் போன்றவள் சாப்பிட்டால் மங்ஙான். நாய் மாதிரி வாரித் தின்றால் ம்படோக். பசி லுவே. வயிறு நிறைந்து, போதும் என்று கையை உதறுகிற சுகம் வரெக். ஒருவன் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே தீங்கு செய்யத் துணிகிற மனசுக்குத் தெகோ என்று பெயர். வருத்தம் வந்தால் அவர்களுக்கு ஈரலில் வலிக்குமாம். நம்மூரிலும் ஈரக்குலை பதறுகிறது என்றுதான் சொல்வோம் என்று சோலையம்மாள் சொன்னபோது, வாகினெம் சிரித்து, அவளுடைய வலது விலாவுக்குக் கீழே விரலால் தொட்டுக் காட்டினாளாம்.

இன்னொரு சொல்லும் இருந்தது. கெமாருக். நெடுநாள் காய்ச்சலில் கிடந்தவன் எழுந்தவுடன் அவனுக்கு ஒரு பசி வரும். அது சாதாரணப் பசி இல்லை. கண்ணில் பட்டதையெல்லாம் கேட்கும். கேட்டதையெல்லாம் கொடுத்தால் அவன் செத்துப்போவான், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் செத்துப்போவான். கொஞ்சம் கொஞ்சமாக, குருவிக்கு ஊட்டுவது போல ஊட்டித்தான் அவனைக் கரையேற்ற வேண்டும். வாகினெம் அதைப் பல தடவை பார்த்திருந்தாள்.

ராக்கப்பனுக்கு மலேரியா வந்தது. காய்ச்சல் விட்ட மறுநாள் கெமாருக் வந்தது. வேலைக்குப் போகாதவனுக்குப் பாதி அரிசி என்பது ஜப்பான்காரன் சட்டம். அந்தப் பாதியும் அவனுக்கு வரவில்லை. அரிசிக் கிடங்கின் சாவி, தமிழ்க் கூலிகளை மேய்த்த பூமிநாதன் கங்காணியிடம் இருந்தது. நோயாளிகளின் அரிசியை அவர் மூட்டை கட்டி ஆற்றில் வரும் சயாம்காரப் படகுகளுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். கிடங்கு வாசலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பொரித்த கருவாடும் சோறுமாக அவர் சாப்பிடுவதைக் கூலிகள் எல்லோரும் பார்ப்பார்கள். கஞ்சி வாளி வரும்போது, தமிழன் ஜாவாக்காரன் என்று பார்க்காமல், எல்லோரையும் பார்த்து "ம்படோக்" என்று கத்துவார். அவருக்குத் தெரிந்த ஜாவாச் சொற்கள் நாலைந்து. அதில் அது ஒன்று.

சோலையம்மாள் போய் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டாள். பேனுக்காகத் தலையை மழித்திருந்தார்கள். சாக்கைத்தான் உடுத்தியிருந்தாள். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. மண்ணு சுமக்காதவன் வாய்க்குச் சோறு எதுக்கு என்றார். வாகினெம் தன் கஞ்சியிலிருந்து தெளிவை வடித்துத் தந்தாள். அது போதவில்லை. ராக்கப்பன் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தான். அழவில்லை, திட்டவில்லை. கேட்டான், அவ்வளவுதான். மழைக்காலத்தில் காலரா வந்தபோது வாகினெமும் போய்ச் சேர்ந்தாள்.

யுத்தம் முடிந்து சோலையம்மாள் ஊருக்குத் திரும்பினாள். சில வருஷம் கழித்து அபிராமம் சந்தையில் யாரோ ஒருவர், மண்டபத்தில் மலாயாவிலிருந்து வந்த கங்காணி ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், பேர் பூமிநாதன், சயாம் காட்டில் பட்டினி கிடந்த தமிழனுக்கெல்லாம் தன் கையால் சோறு போட்ட புண்ணியவான் என்று பேசிக்கொண்டிருந்தார். அவள் வாங்கின மிளகாயைக் கடைக்காரனிடமே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரம் மண்டபத்துக்குப் பஸ் ஏறினாள்.

கடையில் சோறு வடிக்க ஆள் தேவைப்பட்டது. தாலியறுத்தவள், நாதியில்லை என்று சொன்னாள். மலாயாப் பேச்சையே எடுக்கவில்லை. கங்காணி அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, சோறு குழையாமல் வடிப்பியா என்று மட்டும் கேட்டார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மழித்த தலைக்கும் இந்த முகத்துக்கும் அவர் எங்கே முடிச்சுப் போடுவார்?

கொல்லத்தான் வந்தாள். அதில் அவளுக்கு ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதவு திறந்ததும் முதல் இலை முதலாளிக்கு. தெருவைப் பார்த்துப் போட்ட மேஜையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் வைத்த அதே பானைச் சோற்றைக் கங்காணி வயிறாரச் சாப்பிடுவார். சுமை தூக்குகிறவர்கள், மீன் ஏலக்காரர்கள், சிலோனுக்குப் போகக் காத்திருப்பவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். முதலாளி தின்கிற சோறு என்பதுதான் கடைக்கு விளம்பரம். அந்தப் பானையில் அரளி விதையை அரைத்துப் போட்டால் அவரோடு போகிறவர்கள் யார் யாரோ. தவிர, அரளி சீக்கிரம் முடித்துவிடும். அவள் கேட்டது அது இல்லை. அவருக்குப் பசிக்க வேண்டும். அந்தக் கெமாருக் என்கிற சொல் அவருடைய குடலில் ஏற வேண்டும். அதற்குப் பிறகு சாகட்டும். சாப்பாட்டுக் கடை முதலாளிக்குப் பசி எப்படி வரும்? அவள் தினமும் முதல் இலையில் சோற்றை வைத்து, அவர் கையை உதறி ஏப்பம் விடுகிற வரை நின்று பார்த்தாள்.

பிறகு அவருக்கு டைபாய்டு வந்தது.

வாரக்கணக்கில் படுத்துவிட்டார். ராமநாதபுரத்திலிருந்து டாக்டர் வந்து பார்த்தார். குடல் நனைந்த காகிதம் மாதிரி இருக்கிறது, காய்ச்சல் விட்டாலும் நான் சொல்லும் வரை பருக்கை உள்ளே போகக் கூடாது, பார்லித் தண்ணியும் குளுக்கோஸும்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். ஒருநாள் காய்ச்சல் விட்டது. அடுத்த நாள் கங்காணி சோறு கேட்டார்.

அவர் பெண்டாட்டி ராமலெட்சுமி நல்லவள். புருஷன் பிழைத்தால் ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடுவதாக நேர்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டதுமே, சாமி காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று காலை ரயிலுக்குப் புறப்பட்டாள். பசித்துவிட்டால் நோய் போய்விட்டது என்பது அவள் பிறந்த ஊரின் நம்பிக்கை. டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

"அக்கா, வாய்விட்டுக் கேட்டா ஒரு கை கரைச்சுக் குடுத்துருங்க. பசின்னு கேக்குறவுகளுக்கு இல்லேங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சோலையம்மாள் தலையாட்டினாள். அன்றைக்குக் கடை அடைப்பு. வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்.

உலை கொதிக்கிற மணம் அறைக்குள் போனதும் கங்காணி கூப்பிட ஆரம்பித்தார். முதலில் அதட்டல். பிறகு என்ன குழம்பு என்று விசாரணை. நெத்திலிக் கருவாடு, கத்திரிக்காய் போட்டது என்றாள். அதைக் கேட்டதும் அவர் கண் மாறியதை அவள் பார்த்தாள். அந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும். ராக்கப்பனின் முகத்தில் அது இருந்தது. அதே கண் இந்த முகத்தில் இருப்பதைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஒரே ஒரு பிடி, சோலை. ஒன்னையக் கையெடுத்துக் கும்புடுறேன்."

"டாக்டரு வேணாம்னாருல்ல."

"அவன் கெடக்கான். அவனுக்கா பசிக்குது?"

அவள் அடுப்படிக்குப் போய் அலுமினியத் தட்டு நிறையச் சோறு போட்டாள். குழம்பை ஊற்றினாள். இவ்வளவு எளிதாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. இந்தத் தட்டை அவர் மடியில் வைத்தால் போதும், நாளைக்குள் கதை முடிந்துவிடும். ராமலெட்சுமியே கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். ஊரில் யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள், இரக்கப்பட்டுக் கொடுத்தாள் பாவம் என்பார்கள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

யாரும் தூக்கிவிடாமலே கங்காணி எழுந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் நீட்டினார். அவர் முகத்தில் அப்போது வந்தது சிரிப்பு. சாப்பிடுவதற்கு முன்பே வயிறு நிறைந்துவிட்டவனின் சிரிப்பு.

அதைப் பார்த்து அவள் நின்றுவிட்டாள். இவர் வயிறு நிறைந்து, கையை உதறிவிட்டு, அந்தச் சுகத்தோடு சாவார். ராக்கப்பன் சாகும்போது அவனுக்கு இது கிடைக்கவில்லை. இவருக்கு மட்டும் அதை நான் என் கையாலேயே கொடுப்பதா?

அவள் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். தட்டைத் தன் மடிக்கு முன்னால் வைத்துப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

அவசரப்படவில்லை. நெத்திலியைத் தலை கிள்ளி, முள் எடுத்து, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். கங்காணி வைதார். அப்புறம் கெஞ்சினார். கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார், கால் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் தட்டை வழித்துவிட்டு, கை கழுவி, பார்லித் தண்ணி டம்ளரை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"லுவே?" என்று கேட்டாள்.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். ஆட்டிய பிறகுதான் என்ன பாஷையில் கேட்டாள் என்பது அவருக்கு உறைத்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தபடி அவளையே பார்த்தார்.

"நீ எந்தக் கேம்ப்பு?"

"நீங்க அரிசிக் கிடங்குச் சாவி வச்சிருந்த கேம்ப்பு. நான் ராக்கப்பன் பெஞ்சாதி."

அவர் யோசித்தார். நடிக்கவில்லை, நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார்.

"எந்த ராக்கப்பன்?"

அவர் இல்லை என்று சாதிப்பார், காலில் விழுவார், கூச்சல் போடுவார் என்றெல்லாம் அவள் வருஷக்கணக்காக நினைத்துப் பார்த்திருந்தாள். இப்படிக் கேட்பார் என்று நினைத்ததில்லை. சுவரில் ஒரு பல்லி இருந்ததாம். அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம். வெளியே மீன் வண்டி ஒன்று மாட்டு மணி ஒலிக்கப் போனது.

"அங்கன செத்தவுக நெறையப் பேரு, தாயி" என்றார் கடைசியில்.

"ஆமா. நெறையப் பேரு."

"சோத்துல என்னமும் வைக்கப் போறியா?"

அவள் டம்ளரை அவர் கைக்கு நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போனாள். அந்தக் கேள்விக்கு அன்றைக்கும் பதில் சொல்லவில்லை, அதற்குப் பிறகு எப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் டாக்டர் வந்தார். நோயாளி சோற்றுக்கு அழுதார், ராமலெட்சுமி கொடுக்கச் சொல்லியும் சோலையம்மாள் கொடுக்கவில்லை என்று தெரிந்ததும், ராமேஸ்வரத்திலிருந்து திரும்பியிருந்த ராமலெட்சுமியைக் கூப்பிட்டு வைதார். இந்தப் பொம்பளை மட்டும் உன் பேச்சைக் கேட்டிருந்தால் இன்றைக்கு நீ பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய் என்றார். ராமலெட்சுமி அடுப்படிக்கு ஓடினாள். சோலையம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இனிமேல் என் புருஷன் வாய்க்குள் போவதெல்லாம் உங்கள் கை வழியாகத்தான் போக வேண்டும் அக்கா என்றாள். கட்டிலில் கங்காணி இதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

அவரால் என்ன சொல்ல முடியும்? அவளை ஏன் வெளியே அனுப்ப வேண்டும் என்று கேட்டால் சயாமைச் சொல்ல வேண்டும். பட்டினிக்காரனுக்குச் சோறு போட்ட புண்ணியவான் என்கிற பேரில்தான் அவர் ஊருக்குள் நிமிர்ந்து நடந்தார். ஒருமுறை, அவள் அரிசி திருடுகிறாள் என்று சொல்லிப் பார்த்தார். உசுரு குடுத்தவளைத் திருடிங்கிறீகளே என்று ராமலெட்சுமி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

டாக்டர் அனுமதித்த பிறகு, நல்ல நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முதல் சோறு போட்டார்கள். சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். சோலையம்மாள் வடித்த சோறு, மிளகு ரசம். இலை முன்னால் உட்கார்ந்த கங்காணி, பெண்டாட்டியை முதல் வாய் சாப்பிடச் சொன்னார். நோயில் விழுந்து எழுந்ததும் மனுஷனுக்கு என்ன பிரியம் பாருங்கள் என்று எல்லோரும் சிரித்தார்கள். ராமலெட்சுமி வெட்கப்பட்டுக்கொண்டே சாப்பிட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு வாய் விழுங்கினார். மூன்றாவது வாய் இறங்கவில்லை.

கடை மறுபடி திறந்தது. முதல் இலை போட்டார்கள். அவர் உட்கார்ந்தார், பிசைந்தார், எழுந்துவிட்டார். அடுத்த நாள் பல்வலி என்றார். அதற்கடுத்த நாள் விரதம் என்றார். அவள் அந்தப் பானையில் உப்பையும் தண்ணீரையும் தவிர எதையும் போடவில்லை. போடவே இல்லை. ஒவ்வொரு நாளும் முதல் இலையில் சோற்றை வைத்துவிட்டு, பழையபடி பக்கத்தில் நின்று பார்த்தாள், அவ்வளவுதான். பூட்டின கிடங்கு வாசலில் நிற்கிறவன் மாதிரி அவர் அந்தச் சோற்றைப் பார்த்தார்.

பின்வாசல் வழியாக அவர் ஹாஜா முகைதீனின் டீக்கடைக்குப் போய்ப் பன்னை டீயில் முக்கித் தின்பதை ஊர் பார்த்துவிட்டது. ஹாஜா முகைதீன் வாய்த்துடுக்கான ஆள்.

"என்ன கங்காணியாரே, ஒங்க கடைச் சோறு ஒங்களுக்கே எறங்கலையா? அப்பறம் நாங்க எதை நம்பி உள்ள வாரது?" என்று பத்துப் பேர் இருக்கும்போது கேட்டார்.

அந்தப் பேச்சு ஸ்டேஷன் வரைக்கும் போயிற்று. சுமைக்காரர்கள் வேறு கடைக்கு மாறினார்கள். பானையின் அளவு குறைந்தது. கங்காணியின் சட்டை தோளிலிருந்து தொங்க ஆரம்பித்தது. வழித்தெடுத்த மாதிரி கன்னம். ராமலெட்சுமி வைத்தியம் பார்த்தாள், திருஷ்டி கழித்தாள். குணமாகவில்லை.

ஒருநாள் அடுப்படி வாசலில் வந்து நின்றார். தன் குரலை அவரே அடக்கிக்கொண்டு, "ராக்கப்பன்… செவப்பா, ஒசரமா, இடது காதுல கடுக்கன் போட்டிருப்பானே, அவந்தான?" என்றார்.

"அது வேற ஆளு" என்றாள்.

சில நாள் கழித்து மறுபடி வந்தார். மேல்பல் எடுப்பா, எப்பவும் பாடிக்கொண்டே மண் சுமப்பானே? அதுவும் வேறு ஆள். கால் விரல் இரண்டு இல்லாமல் இருந்தவனா? இல்லை. தம்பியோடு வந்தவனா? இல்லை. அவர் ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார். அந்த மனிதர்கள் எல்லோரும் இருந்தவர்கள்தான், சிலரை அவளுக்கும் நினைவிருந்தது. கங்காணிக்கு மறந்துபோயிருந்த செத்தவர்கள் எல்லோரும் வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ராக்கப்பன் மட்டும் இல்லை.

கடைசியில் ஒரு மத்தியானம், ஆள் வராத கடையில், அடுப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீயே சொல்லிரு. எப்படி இருப்பான்? எப்படிப் பேசுவான்? சொன்னேன்னா எனக்கு ஞாபகம் வந்துரும். நான் அழுதுருவேன், தாயி. அவனை நெனச்சு அழுதுட்டேன்னா சரியாப்போயிரும்."

ராக்கப்பன் குள்ளம். வலது புருவத்தில் தழும்பு. பேசும்போது சொல்லைத் தொலைத்துவிட்டவன் மாதிரி இடையில் நிறுத்தித் தேடுவான். எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அவள் விறகை உள்ளே தள்ளினாள்.

"சொல்ல மாட்டேன். சொன்னா ஒங்களுக்குச் சோறு எறங்கிரும்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எழுந்து போனார். ஒருவன் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே தீங்கு செய்கிற, வாகினெம் சொன்ன அந்தத் தெகோ என்கிற மனசு தனக்கும் இருந்திருக்கிறது என்று சோலையம்மாள் என்னிடம் சொன்னாள். அதை வருத்தமாகச் சொல்லவில்லை. மனம் ஆறியதா என்று கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஆறல. ஆனா நல்லாச் சாப்புட்டேன். நல்லாத் தூங்குனேன்."

பூமிநாதன் கங்காணி அதற்குப் பிறகு சில வருஷம் இருந்தார். குடல் புண் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கேயே இறந்தார். கடையை ஹாஜா முகைதீன் வாங்கிச் சுவரை இடித்து, டீக்கடையோடு சேர்த்துக்கொண்டார். ராமலெட்சுமி அபிராமத்தில் தம்பி வீட்டோடு போய் இருந்தாள். புருஷனுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கடைசி வரை நம்பினாள், சோலையம்மாளுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி சேலை அனுப்பிக்கொண்டிருந்தாள். சோலையம்மாள் முதுகுளத்தூரில் இட்லி சுட்டு விற்று, அறுபத்தெட்டு வயதில் மாரடைப்பில் போனாள். ராக்கப்பனையும் வாகினெமையும் புதைத்த இடம் யாருக்கும் தெரியாது.